இரண்டாம் நாள் பின்னேர நாற்றம்: ஒரு கரவன் பஸ்ஸின் கூரைக் காற்றுக்குழாய்கள்

திருகோணமலைப் பக்கம் வாடகைக்கு ஓடும் கரவன் வண்டியில் நாற்றம் என்று முறைப்பாடு வந்தால், முதலில் பேச்சு வாங்குவது கழுவுகிற ஆள்தான். கழிவறையைச் சரியாகத் தேய்க்கவில்லை, மருந்து காணாது, வாசனைக் கட்டி மாற்றவில்லை என்று கதை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூரையில் ஏறிப் பார்ப்பவர் குறைவு. இங்கே நான் எழுதுவது அப்படியான ஒரு வண்டியைப் பற்றி. அதில் நாறியதற்கும் கழுவியதற்கும் சம்பந்தம் இருக்கவில்லை. தாங்கிகளில் இருந்து கூரைக்குப் போகும் காற்றுக்குழாய்கள் இரண்டும் பழுதாகிக் கிடந்தன. ஒன்றின் பழுது ஒரு மாதிரி, மற்றதன் பழுது வேறு மாதிரி. ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் பாதி நாற்றம் அப்படியே நின்றிருக்கும், பழியும் வண்டியைக் கழுவும் அக்காவின் தலையிலேயே நின்றிருக்கும்.

வண்டி

பழைய ரோசா பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றி, உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் கட்டிய கரவன் அது. முன்பக்கம் மேலும் கீழுமாகப் படுக்கைத் தட்டுகள், நடுவில் காஸ் அடுப்பும் தொட்டியும் உள்ள சின்னக் குசினி, பின்மூலையில் கழிவறையும் குளிக்கும் இடமும் ஒன்றாக. தரைக்குக் கீழே இரண்டு கழிவுத் தாங்கிகள். மலத்தாங்கி 80 லீற்றர் கொள்ளும், ஆழம் 12 அங்குலம். குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் மற்றத் தாங்கிக்குப் போகும். அதைக் கழுவுநீர்த் தாங்கி என்று சொல்கிறேன். ஒவ்வொரு தாங்கியின் மேற்பக்கத்தில் இருந்தும் ஒன்றரை அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப் ஒன்று அலுமாரி மூலைக்குள்ளால் ஏறி, கூரைத் தகட்டைத் துளைத்து வெளியே போகிறது. மேலே பிளாஸ்ரிக் தொப்பி.

வண்டி நிற்பது உப்புவெளியில். நம் பக்கக் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரைதான் அதற்கு உழைப்பு. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, குச்சவெளி என்று குடும்பங்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் குழாய்கள் எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வண்டி வைத்திருக்கும் பலர் இதை மழைநீர் ஏதோ போகும் வழி என்று நினைக்கிறார்கள். மூடிய தாங்கிக்குள் பிராணவாயு இல்லாமல் கழிவு அழுகும்போது மெத்தேன், கரியமிலவாயு, ஐதரசன் சல்பைட்டு, அமோனியா எல்லாம் உண்டாகும். அவை வெளியேற ஒரு வழி வேண்டும். அதேபோல, தாங்கிக்குள் ஒரு வாளி தண்ணீர் இறங்கினால் அதே அளவு காற்று வெளியேற வேண்டும். தாங்கியைத் திறந்து கழிவை விடும்போது அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். இரண்டுக்கும் இந்த ஒரு குழாய்தான் வழி. அது அடைபட்டால் காற்று சும்மா இருக்காது. கழிவறைக் கோப்பை, தொட்டியின் வடிகுழாய், குளிக்கும் இடத்து வடிவாய் என்று எது பலவீனமோ அதனால் வரும்.

முறைப்பாடு

வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வண்டியை எடுத்து நிலாவெளிக் கடற்கரையோரம் தங்கியது. இரண்டாம் நாள் பின்னேரம் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டார்கள். முந்தின வாடகைக்காரரும் இதையே சொல்லியிருந்தார்கள். வண்டிகள் திருத்துகிற எனக்கு உரிமையாளர் போன் எடுத்தார்.

"தம்பி, முதல் நாள் பெரிசா ஒண்டுமில்லை. ரெண்டாம் நாள் பின்னேரமானா உள்ளுக்கு நிக்க ஏலாது. எத்தினை போத்தல் மருந்து ஊத்தியாச்சு."

"அண்ணை, இப்ப தாங்கியில கழிவு கிடக்கோ?"

"கிடக்கு. கழிவு எடுக்கிற பவுசருக்குச் சொல்லியிருக்கிறன். எடுத்துப்போட்டு, வடிவாக் கழுவிக் கொண்டுவாறன்."

"வேண்டாம் அண்ணை. எடுக்காம, கழுவாம, அப்பிடியே கொண்டு வாங்கோ."

அவருக்கு அது மரியாதையில்லாத வேலையாகப் பட்டது. ஆனால் இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இது. வெறும் தாங்கியோடு வரும் வண்டியில் எந்த நோயும் தெரியாது. கழிவு எந்த மட்டத்தில் நிற்கும்போது நாறத் தொடங்குகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

வண்டியோடு, அதைக் கழுவும் அக்காவும் வந்தா. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி ஒரு பக்கமாக நின்றா. "நான் ஒவ்வொரு தரமும் ரெண்டு முறை தேய்ச்சுத்தான் விடுறன் தம்பி. அதுக்கு மேல என்ன செய்யிறது?" என்றா. அவவோடு கொஞ்சநேரம் இருந்து கதைத்ததில்தான் எனக்கு உருப்படியான தகவல்கள் கிடைத்தன. மேல் தட்டில் படுத்த பிள்ளை முதல் இரவே "மணக்குது" என்று கீழே இறங்கி வந்ததாகத் தாய் சொல்லியிருக்கிறா. கீழே படுத்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. குசினித் தொட்டியில் தண்ணீர் விட்டால் குளிக்கும் இடத்து வடிவாயில் குளுகுளு என்று சத்தம் வரும். இரண்டாம் நாளுக்குப் பிறகு, கழிவறைக் கோப்பையின் அடித்தகட்டைத் திறக்கும் பெடலை மிதித்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு காற்று மேலே வரும். பவுசர் வந்து குழாயைக் கொழுவினால் முதலில் கழிவு இழுபட்டு இழுபட்டுத்தான் போகும், பாதி போனபிறகு மடமடவென்று இறங்கும்.

இந்த நாலு விஷயத்தையும் யாரும் அவவிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை.

ஊற்றிய மருந்துகளைப் பற்றியும் கேட்டேன். குளோரின் கலந்த வெளுப்பு நீர் ஒரு போத்தல், அது சரிவராமல் கழிவறை கழுவும் அமில நீர் இன்னொரு போத்தல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே கோப்பைக்குள். இதை நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வெளுப்பு நீரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வெளுப்பு நீர் அமோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். சிறுநீர் தேங்கிய தாங்கியில் அமோனியா எப்போதும் இருக்கும். கதவைச் சாத்தினால் ஒரு ஆள் திரும்ப இடமில்லாத அறைக்குள் குனிந்து இதைச் செய்தவ அந்த அக்கா. நாற்றத்தைப் போக்கப் போய் நெஞ்சைப் பழுதாக்கிக்கொள்ளும் வேலை இது. கரவன் தாங்கிக்குள் இவை எதுவும் போகக்கூடாது.

கீழே இருந்து பார்த்தவை

கூரைக்கு ஏற முன் உள்ளே மூன்று சோதனைகள் செய்தோம்.

கழிவறைக் கோப்பையில் தண்ணீர் விட்டு, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கோப்பையின் அடியில் திறந்து மூடும் தகட்டுக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. தாங்கிக்கும் அறைக்கும் இடையில் நிற்பது அந்த வளையமும் அதன் மேல் தேங்கும் தண்ணீரும்தான். வெளுப்பு நீர் பட்டுப்பட்டு ரப்பர் விறைத்துப் போயிருந்தது. புதியது போட்டோம். இது சின்ன வேலை.

அடுத்தது குளிக்கும் இடத்து வடிவாய். ரோச் அடித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் இல்லை, ஈரம் மட்டும். வடிகுழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும்; வீடுகளில் அது இரண்டு அங்குல அளவு நிற்கும். வண்டிகளில் தரைக்குக் கீழே இடமில்லாததால் வளைவு ஆழம் குறைவு. அதைக் காய வைத்தது வெயில் இல்லை. குசினித் தண்ணீர் கழுவுநீர்த் தாங்கிக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று கூரைக்குப் போக வழியில்லாமல் இந்த வளைவைக் குமிழியிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. தாங்கியைத் திறந்துவிடும்போது அதே வளைவு தண்ணீரை உள்ளே இழுத்துக் கொடுத்துவிட்டது. கவிழ்த்த போத்தலில் இருந்து தண்ணீர் குளுக் குளுக் என்று போவதும் இதே காரணத்தால்தான். ஆக, கழுவுநீர்த் தாங்கியின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது என்பது மேலே ஏறாமலே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, பிள்ளை படுத்த மேல் தட்டு. உட்கூரைப் பலகையில் பதித்திருந்த விளக்கு ஒன்றைக் கழற்றி, துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். மலத்தாங்கி வாடை அங்கே இருந்தது. கழிவறை வண்டியின் பின்மூலையில், இந்த விளக்கு முன்பக்கம். இரும்புக் கூரைக்கும் உட்பலகைக்கும் இடையில் உள்ள வெற்றிடத்துக்குள் வாயு ஏறி, விளக்குத் துளைகளால் கீழே இறங்குகிறது என்றால், குழாய் கூரைக்கு வெளியே போகவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் வண்டியின் வயர்கள் எல்லாம் ஓடுகின்றன. மெத்தேன் காற்றில் 5 முதல் 15 வீதம் இருந்தால் தீப்பற்றக்கூடியது. இந்த வண்டியில் அந்த அளவு சேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு மேலே அப்படி ஒன்றை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது. அதைவிட ஐதரசன் சல்பைட்டு மோசம். கூழ்முட்டை நாற்றம் அதுதான். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரியும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவும் அதே 100தான். "பழகிப்போச்சு, இப்ப மணக்கேல்லை" என்று யாராவது சொன்னால் அது நல்ல செய்தி இல்லை.

கூரையில்

விடியக்காலை ஏறினோம். கச்சான் காற்று அடிக்கும் காலத்து வெயிலில் பத்து மணிக்குப் பிறகு அந்தத் தகட்டில் முழங்கால் ஊன்ற முடியாது. குளவி இருந்தாலும் அந்த நேரத்தில்தான் அடங்கிக் கிடக்கும். தொப்பியைக் கழற்றும்போது முகத்தை நேரே மேலே வைக்கக்கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் இருக்கக்கூடாது. குழாயால் புகை போகிறதா என்று ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தாங்கி வாயுவுக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டு தொப்பிகளும் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. உப்புக்காற்றில் ஆணிகள் தலையில்லாமல் துருவேறி நின்றன. போன மாரியில் ஒழுக்கு என்று யாரோ சிலிக்கனை அள்ளி அப்பியிருந்தார்கள். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி முழுதாக உரிந்து வந்தது. கீழே தகடு துருப்பிடித்திருந்தது. சாதாரண சிலிக்கன் காயும்போது புளித்த வாடை வரும், அது அசற்றிக் அமிலம். வெறும் இரும்பில் பட்டால் துருவை வரவழைக்கும். மழை உள்ளே போய் உட்பலகையும் ஊதியிருந்தது.

கழுவுநீர்த் தாங்கிக் குழாயின் வாய்க்குள் ரோச் அடித்தால் வழவழப்பான மண். வேட்டைக்குளவி கட்டிய கூடு. வயர் ஸ்பிரிங்கால் நேரே குத்தினால் மண் தாங்கிக்குள் விழுந்து வேறு வில்லங்கம் வரும் என்பதால், நீளமான கம்பியின் நுனியை வளைத்துத் துண்டு துண்டாக மேலே கிளறி எடுத்தோம். கூரையில் வைத்து உடைத்துப் பார்த்தால் வரிசையாக அறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கால் மடக்கிய சின்னச் சின்னச் சிலந்திகள், சிலவற்றில் பழுப்பு நிறக் கூட்டுப்புழு. தாய்க்குளவி சிலந்திகளைக் கொட்டி அசையாமல் செய்து குஞ்சுக்கு உணவாக அடைத்து வைக்கும். இந்தக் குளவி தனியே வாழ்வது, ஆட்களைத் துரத்தாது. கூட்டமாக வாழும் பெரிய குளவி வேறு. அதன் கூடு கண்டால் கை வைக்காமல் இறங்கிவிட வேண்டும்.

மலத்தாங்கிக் குழாயில் அடைப்பே இல்லை. அதுதான் ஆளை ஏமாற்றும் இடம். தொப்பியைக் கழற்றியதும் குழாயைக் காணோம், கூரையில் ஓட்டை மட்டும்தான் தெரிந்தது. குழாயின் வாய் கூரைத் தகட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே, உட்கூரை வெற்றிடத்துக்குள் நின்றது. வண்டி கட்டியவர்கள் தாங்கியின் வாயில் ரப்பர் வளையம் போட்டு அதற்குள் குழாயைச் செருகி விட்டிருக்கிறார்கள். வழியில் எங்கும் கிளிப் அடிக்கவில்லை. ஓட்டத்தின் குலுக்கலில் குழாய் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளையத்துக்குள்ளால் கீழே வழுக்கியிருக்கிறது. குழாயில் பழைய சிலிக்கன் அடையாளம் ஒன்று இருந்தது. அதை வைத்து அளந்தால் இறக்கம் ஐந்து அங்குலம்.

மேலே ஐந்து அங்குலம் இறங்கினால் கீழேயும் ஐந்து அங்குலம் இறங்கும். அரை அங்குலம் மட்டும் தாங்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய நுனி இப்போது ஐந்தரை அங்குலம் உள்ளே. தாங்கியின் ஆழம் 12 அங்குலம் என்றேன். அடியில் இருந்து ஆறரை அங்குலம் கழிவு ஏறியதும், அதாவது பாதியைக் கொஞ்சம் தாண்டியதும், குழாயின் நுனி கழிவுக்குள் மூழ்கிவிடும். ஒரு குடும்பம் பாவித்தால் அந்த மட்டம் வருவது இரண்டாம் நாள் மத்தியானத்தோடு.

அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே கிடைத்துவிட்டது. முதல் நாள் தாங்கி பாதிக்குக் கீழே. வாயு குழாயால் ஏறி உட்கூரைக்குள் கொட்டியது. மேல் தட்டில் படுத்த பிள்ளைக்கு மட்டும் மணத்தது. இரண்டாம் நாள் நுனி மூழ்கியது. வாயு கழிவுக்கு மேலே அடைபட்டு அமுக்கம் ஏறியது. பெடலை மிதித்தவர் முகத்தில் அடித்தது. பவுசர் இழுக்கும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் கழிவு இழுபட்டது. மட்டம் நுனிக்குக் கீழே இறங்கியதும் மடமடவென்று போனது.

உரிமையாளரையும் அக்காவையும் ஏணியில் ஏற்றி இதைக் காட்டினேன். அந்த அண்ணை கூரை ஓட்டைக்குள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே நின்ற அக்காவைப் பார்த்து, "பிள்ளை, நீ ஊத்தின மருந்தெல்லாம் வீண். உன்னில பிழையில்லை" என்றார். எனக்கு அந்த வேலையில் கிடைத்த நல்ல கூலி அது.

திருத்தம்

பவுசர் எடுத்துப்போன பிறகு குழாயை மேலே இழுத்தோம். தாங்கி வாய்க்குச் சற்று மேலே எஸ்லோன் சொக்கெட் ஒன்றைக் குழாயில் ஏற்றி ஒட்டினோம். சொக்கெட்டின் விளிம்பு ரப்பர் வளையத்தில் தட்டி நிற்பதால் குழாய் இனிக் கீழே இறங்கவே முடியாது. கீழ்நுனி தாங்கிக்குள் அரை அங்குலம். அலுமாரிக்குள் ரப்பர் வைத்த கிளிப்புகளால் வண்டியின் சட்டத்தில் இறுக்கினோம். குழாயைச் சிலிக்கனால் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: ஓடும் வண்டியில் பாரத்தைப் பசை தாங்காது, கிளிப்தான் தாங்கும்.

மேலே குழாயைக் கூரைக்கு மூன்று அங்குலம் உயர்த்தி விட்டோம். அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டும் நகர்வீடுகளுக்கான மத்திய அரசின் விதி குறைந்தது 2 அங்குலம் கேட்கிறது. காற்றை உள்ளே இழுக்கும் விசிறியில் இருந்து குறைந்தது 3 அடி தள்ளியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் நாட்டில் கட்டும் வண்டிகளுக்கும் அதைப் பின்பற்றுவதில் ஒரு நட்டமும் இல்லை.

ஒழுக்கு அடைக்கும் வேலையில் அவசரம் ஆகாது. பழைய சிலிக்கன் ஒரு துளி மிஞ்சினாலும் புதிய சீலர் பிடிக்காது. பிளாஸ்ரிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டோம். தொப்பியின் அடித்தட்டுக்குக் கீழே பியூட்டைல் ரேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடா, ஓரத்தைச் சுற்றியும் ஆணித் தலைகளின் மேலும் பஸ் பொடி கட்டுபவர்கள் பாவிக்கும் பொலியூரித்தேன் சீலர். அது காற்றிலுள்ள ஈரத்தில் வெளியில் இருந்து உள்ளே காயும், ஒரு நாளைக்குச் சுமார் மூன்று மில்லிமீற்றர். தடிப்பாக அப்பிவிட்டு அன்றைக்கே வண்டியை ஓட்டினால் உள்ளே பச்சையாகவே இருக்கும். ஆணிகள் 316 தர ஸ்ரெயின்லெஸ். 304 தரம் நம் கடற்கரையில் சீக்கிரம் பழுப்பேறும். இறக்குமதியான அமெரிக்க வண்டிகளில் கூரை ரப்பர் விரிப்பாக இருக்கலாம். அதற்கு அதற்கென்று உள்ள சீலர்தான், இது ஆகாது. புதிய தொப்பிகளுக்கும் வெளியே தெரியும் எஸ்லோன் துண்டுக்கும் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்தோம். வெயிலில் பிளாஸ்ரிக் நொறுங்காமல் இருக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

குளவிக்கு வலை போடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு மலக்குழிகளின் காற்றுக்குழாய்க்கு நுளம்பு வலை கட்டச் சொல்வார்கள், அது சரியான ஆலோசனை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு மலக்குழிக்குள் பெருகும். அதே வலையை வண்டிக்குப் போட்டால் புழுதியும் உப்பும் சிலந்தி நூலும் சேர்ந்து ஒரு சீசனுக்குள் அடைத்துவிடும். நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் வரை ஒரு வாரமாவது ஆகும். சில நாட்களுக்கு ஒருமுறை காலியாகும் தாங்கியில் அதற்கு இடமில்லை. அதனால் வண்டிக்கு மூன்று மில்லிமீற்றர் கண் உள்ள ஸ்ரெயின்லெஸ் வலை போதும். வலையைக் குழாய் வாயில் இறுக்கிக் கட்டாமல், அகலமான தொப்பியின் ஓரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும், காற்றுப் போகும் பரப்புக் குறையாது. வாடகை இல்லாத மாதங்களில் வண்டி அசையாமல் நிற்கும்போதுதான் குளவி இடம் தேடும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சொப்பிங் பை ஒன்றை வெட்டி, அந்த மெல்லிய தாளைக் குழாயின் வாயில் தளர்வாக வைத்துப் பிடித்தேன். கீழே அக்கா கழிவறைக்குள் ஒரு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினா. தாள் விம்மி எழும்பியது. பிறகு தாங்கியைத் திறந்துவிட்டபோது குழாயோடு ஒட்டிக் குழிந்தது. கழுவுநீர்க் குழாயிலும் அப்படியே. குழாய் வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. தீயும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை.

காற்று, விசிறி, கிணற்றுத் தண்ணீர்

குழாய் சரியானாலும் பாவிக்கும் விதத்தில் நாற்றத்தை உள்ளே கூப்பிட முடியும். இந்த வண்டியின் கூரை விசிறி மலத்தாங்கிக் குழாயில் இருந்து இரண்டடி தூரத்தில். வெக்கைக்கு அதைக் காற்றை உள்ளே இழுக்கும்படி போட்டால், குழாயால் வெளியேறிய வாயுவைத் திரும்ப வாங்கிக் கட்டில்மேல் கொட்டும். வெளியே தள்ளும்படி போட்டால் வண்டிக்குள் அமுக்கம் குறையும். யன்னல்கள் பூட்டியிருக்கும்போது கழிவறைப் பெடலை மிதித்தால் தாங்கியின் காற்று மேலே இழுபடும். ஆகவே விசிறி வெளியே தள்ளட்டும், யன்னல் ஒன்று எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், பெடல் மிதிக்கும்போது விசிறியை நிறுத்தட்டும் என்று எழுதிக் கழிவறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

நிலாவெளியில் நிறுத்தும்போது காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். கச்சான் தரைப்பக்கம் இருந்து கடலை நோக்கி அடிக்கும். கடலைப் பார்த்தபடி வண்டியின் பின்பக்கத்தைத் தரைக்குக் கொடுத்து நிறுத்தினால், பின்மூலைக் குழாயின் வாயு வண்டி நீளத்துக்கும் தவழ்ந்து முன் யன்னல்களால் உள்ளே வரும். திருப்பி, பின்பக்கம் கடலுக்குப் போகும்படி நிறுத்தினால் வாயு நேரே கடலுக்கு. காட்சி கொஞ்சம் குறையும், இரவு நித்திரை வரும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அந்தக் குடும்பம் தங்கிய இடத்துக் கிணறு கடலுக்குக் கிட்ட. தண்ணீர் நாக்கில் உவர்த்தது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றைத்தான் ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். கடல்நீரால் கழிவறை கழுவும் படகுகளில் நாற்றம் அதிகம் என்பது கடலோடிகளுக்குத் தெரிந்த விஷயம். உவர்க் கிணற்றுத் தண்ணீரை மலத்தாங்கிக்குள் விட்டால் அதே கதையின் சின்ன வடிவம் நடக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. வண்டியில் ஊரில் இருந்தே குழாய்த் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

கழுவுநீர்த் தாங்கியை மணலில் திறந்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, சவர்க்காரத் தண்ணீர்தானே என்று. அந்த மணலுக்குக் கீழேதான் அடுத்தவருடைய கிணறு. எதிரே தெரிவது புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா, நம்மிடம் மிஞ்சியிருக்கும் பவளப்பாறைகளில் ஒன்று. இரண்டு தாங்கியும் பவுசருக்கே போக வேண்டும்.

இனிப் பார்க்க வேண்டியவை

சீசன் தொடங்க முன், பங்குனியில் ஒருமுறை, மாரி தொடங்க முன், புரட்டாதிக் கடைசியில் ஒருமுறை கூரையில் ஏறிப் பார்ப்பது என்று உரிமையாளரோடு பேசி வைத்திருக்கிறோம். தொப்பியை விரலால் அமுக்கிப் பார்ப்பது, சீலர் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பது, வலையைப் பல்லுத் தூரிகையால் தேய்ப்பது, குழாய் கூரைக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது, கடைசியில் சொப்பிங் பைச் சோதனை. குழாயில் கூரை மட்டத்தில் பெயின்ற்றால் ஒரு வளையம் போட்டிருக்கிறேன்; அது தகட்டுக்குள் மறைந்தால் குழாய் மறுபடி இறங்குகிறது என்று அறியலாம். தண்ணீர் மட்டம் குறிக்கும் பென்சிலை அக்காவே வாங்கி வைத்திருக்கிறா. கோப்பைச் சோதனையை ஒவ்வொரு வாடகைக்கும் முன் அவவே செய்கிறா.

திருத்தத்துக்குப் பிறகு போன குடும்பங்களிடம் இருந்து நாற்றம் என்று பேச்சு வரவில்லை. ஒரு வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. விசிறிக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டடிதான். விசிறியை முன்பக்கம் நகர்த்தினால்தான் மூன்றடிக்கு மேல் வரும். அதற்குக் கூரையில் புதிதாக ஓட்டை வெட்டி, பழையதைத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். மழை ஊதிய உட்பலகையை மாரி முடியத் தையில் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்வதாக இருக்கிறோம்.